கான் சாகிப் ஹீரோவா, துரோகியா? கேள்வியே தப்பு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்.கே.ஜி.யிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். பத்தாம் வகுப்புப் பொதுக்கட்டுரைக்கு அப்புறம் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தால் எடிட்டரைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

போன மாதம் கேன்டீனில் ஒரு சண்டை. யாரோ போனில் 'மருதநாயகம்' படத்தின் பழைய காட்சியைப் போட்டார்கள். 1997 அக்டோபரில் எலிசபெத் ராணியே சென்னைக்கு வந்து தொடங்கிவைத்து, அப்புறம் முடியாமலேயே போன கமல் படம். மதுரைக்கார நண்பன், "இவர்தாண்டா வெள்ளைக்காரனை எதிர்த்த முதல் ஆளு" என்றான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வருகிற இன்னொருத்தன் டீ கிளாஸை டொக்கென்று வைத்தான். "எங்க ஊர்ப் பக்கம் வந்து இதைச் சொல்லிப் பாரு. பூலித்தேவர் கோட்டையை இடிச்சது யாருன்னு நினைச்சே?" என்றான்.

ஹீரோ, துரோகி, ஹீரோ, துரோகி என்று அரை மணி நேரம் போனது. பெல் அடித்ததும் எல்லோரும் லேபுக்குப் போய்விட்டோம். எனக்கு மட்டும் அந்தச் சண்டை முடியவில்லை. வீட்டுக்குப் போய் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது, கேட்க வேண்டிய கேள்வியை எங்கள் இரண்டு கட்சியுமே கேட்கவில்லை என்று தோன்றியது. அதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தினமும் தாண்டுகிறேன். நீங்களும் தாண்டியிருப்பீங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டை, இந்தப் பக்கம் ராஜகோபுரம். 1752-ல் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு போர் நடந்தது. ஆற்காடு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. முகமது அலிக்கு இங்கிலீஷ் கம்பெனி துணை, சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். அவரை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுப் படை, நிலைமை மாறியதும் பின்வாங்கி, நம்ம ஸ்ரீரங்கம் தீவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் கோயில்களின் மதில்கள்தான் அவர்களுக்குக் கோட்டை. வடக்கே சமயபுரத்தில் கிளைவ், தெற்கே லாரன்ஸ். இரண்டு பக்கமும் வழியை அடைத்ததும் ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். தஞ்சாவூர்ப் படையிடம் போன சந்தா சாகிபின் தலை துண்டிக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய நாடகத்தில் நமக்குத் தெரிந்த பெயர் கிளைவ் மட்டும்தான். தெப்பக்குளம் பக்கத்தில் 'கிளைவ் ஹவுஸ்' என்று இன்றைக்கும் ஒரு கட்டடம் இருக்கிறது. ஆனால் அந்தப் போரில்தான் இன்னொரு மனிதனும் மேலே வந்தான். முகமது யூசுப் கான். மக்கள் வாயில் கான் சாகிப், சினிமாவில் மருதநாயகம். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர், பிறப்பால் இந்து, பிறகு இஸ்லாத்துக்கு மாறினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கொஞ்சம் சிப்பாய்களோடு கிளைவிடம் வந்து சேர்ந்தவர், பிறகு லாரன்ஸின் வலது கையாகவே ஆகிவிட்டார்.

எதனால்? வாள்வீச்சால் மட்டும் இல்லை. சப்ளை செயினால்!

சிரிக்காதீங்க. 1752-ல் சண்டை முடிந்துவிடவில்லை. உதவிக்கு வந்த மைசூருக்குத் திருச்சியைத் தருகிறேன் என்று முகமது அலி வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்ததும் கையை விரித்துவிட்டார். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.) கோபமான மைசூர் நஞ்சராஜா பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்து, ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார். திருச்சிக்கு மறுபடியும் முற்றுகை. பொன்மலையில் 1753 ஜூனில் பெரிய சண்டை. ஆனால் கோட்டையைக் காப்பாற்றியது சண்டை மட்டும் இல்லை, அரிசி. தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டுக் காடுகள் வழியாகவும் அரிசி மூட்டைகள் எதிரி கண்ணில் படாமல் ராத்திரியோடு ராத்திரியாக உள்ளே வரவேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எதிரியின் குதிரைப்படை எங்கே நிற்கிறது, எந்தக் கிராமத்தில் யார் பேச்சை நம்பலாம் என்று தெரிந்து நடத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யூசுப் கான். உளவு, வழிகாட்டல், கான்வாய் எல்லாம் அவர் பொறுப்பு. லாரன்ஸ் தன் குறிப்புகளில் அவரைப் புகழ்ந்து தள்ளுகிறார்.

1754-ல் அவருக்கு ஒரு கண்டம் வந்தது. லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் என்பவருக்கு இவர் வளர்ச்சி பிடிக்கவில்லை. யூசுப் கான் மைசூர்க்காரர்களோடு ரகசிய உறவு வைத்திருக்கிறார் என்று காட்டுகிற மாதிரி ஒரு போலிக் கடிதத்தைத் தயார்செய்து சிக்க வைத்தார். லாரன்ஸுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர் என்ன சொல்கிறாரோ அதுதான் அவருக்கு உண்மை. ஒரு நல்ல தளபதியின் உயிர் அந்த ஒரு ஆளின் நாக்கில் தொங்கியது. விசாரணையில் சூது வெளிப்பட்டு, பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். யூசுப் கான் தப்பித்தார். கம்பெனியின் சிப்பாய்கள் எல்லோருக்கும் கமாண்டன்ட் ஆனார், தங்கப் பதக்கமும் கிடைத்தது.

நம்ம பாஷையில் சொன்னால், ஃப்ரெஷராகச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷத்தில் டிவிஷன் ஹெட்.

1756-ல் அவரை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பினார்கள். வேலை என்ன? வரி கட்டாத பாளையக்காரர்களை வழிக்குக் கொண்டுவருவது. நடுவில் 1758 கடைசியில் பிரெஞ்சு லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கேப்டன் பிரஸ்டன் என்ற அதிகாரியோடு சேர்ந்து வெளியே நின்று பிரெஞ்சுப் படையைத் தூங்கவிடாமல் செய்தது யூசுப் கான்தான். 1759-ல் மறுபடி தெற்கே போனார். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்தார். 1761-ல் அவருடைய கோட்டைகள் விழுந்தன. விழவைத்தவர் இவர். கேன்டீனில் டீ கிளாஸை வைத்த நண்பன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

மதுரைக்காரன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. மதுரையை ஆண்ட வருஷங்களில் யூசுப் கான் கொள்ளையை அடக்கினார், மீனாட்சி கோயிலுக்குச் சேரவேண்டிய வருமானத்தைத் திருப்பிக் கொடுத்தார். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. தெற்கே கான்சாபுரம் என்று ஊர்களே இருக்கின்றன. 'கான்சாகிபு சண்டை' என்று நாட்டுப்பாடலே கட்டினார்கள். வெறுத்த ஒருவருக்கு ஊர் இவ்வளவு செய்யாது.

அப்புறம் என்ன ஆனது? 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. பிரெஞ்சுப் பயம் போய்விட்டது. ஒரு திறமைசாலி எதற்காகத் தேவைப்பட்டாரோ அந்த வேலை முடிந்துவிட்டது. மதுரைச் சீமை யாருக்கு என்ற கணக்கு மட்டும் பாக்கி. முகமது அலி அது தனக்குக் கீழே என்றார். யூசுப் கான், நான் ஜெயித்து ஒழுங்குபடுத்திய நாடு, குத்தகையைக் கம்பெனிக்கு நேராகவே கட்டுகிறேன் என்ற பக்கம் நின்றார். கம்பெனி யார் பக்கம் நின்றது? முகமது அலி கம்பெனிக்கு ஏகப்பட்ட கடன் பட்டிருந்தார். கடன் கொடுத்தவனுக்குக் கடனாளி பிழைத்திருக்க வேண்டும் இல்லையா? நவாப் பக்கம் நின்றது. மைசூருக்குக் கொடுத்த வாக்கை மீறிய அதே நவாப்.

1763-ல் யூசுப் கான் எதிர்த்து நின்றார், மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். வந்த முதல் முற்றுகை மழையில் கலைந்தது. 1764-ல் மேஜர் கேம்பெல் வந்தார். ஜூன் 26-ல் நடந்த பெரிய தாக்குதலையும் கோட்டை முறியடித்தது. அதில் படுகாயப்பட்டு இறந்தவர்களில் ஒருவர் பிரஸ்டன். சென்னையில் இவரோடு தோளோடு தோள் நின்ற அதே பிரஸ்டன். கோட்டைக்கு வெளியே நின்ற படையிலும் கம்பெனிச் சிப்பாய்கள்தான். கொஞ்ச வருஷம் முன்னால் இவர் கமாண்டன்டாக இருந்த அதே சிப்பாய்ப் படை.

கடைசியில் கோட்டையைத் திறந்தது பீரங்கி இல்லை. உணவு தீர்ந்துபோன நிலையில், அவருடைய திவான் சீனிவாச ராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சுத் தளபதி மார்சான் மூவரும் சேர்ந்து, அக்டோபர் 13-ல் அவர் தொழுகையில் இருந்தபோது பிடித்துக் கட்டி, எதிரியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 15, 1764. நீதிமன்றம் இல்லை, வாதம் இல்லை. மதுரைக்கு வெளியே தூக்கு. உடலைத் துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள் என்றும், தலை வந்த ஊர் திருச்சி என்றும் சொல்வார்கள். மிச்சம் அடக்கமான இடம் மதுரை சம்மட்டிபுரம். அங்கே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். மெயின்கார்டு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. பழைய கோட்டையில் மிச்சமிருக்கிற வாசல் அது. அரிசி மூட்டையோடு எந்த ஊருக்குள் ரகசியமாக நுழைந்து எல்லோர் உயிரையும் காப்பாற்றினாரோ, அந்த ஊருக்கே.

இப்போ என் கருத்துக்கு வருகிறேன்.

'முதல் சுதந்திர வீரர்' என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது. பூலித்தேவரின் ஜனங்கள் கோட்டையை இழந்தபோது அவர் கம்பெனிக்கு எதிராக ஒரு விரலைத் தூக்கவில்லை. அந்த விரல்தான் பீரங்கிக்குத் தீ வைத்தது. தன் பங்குக்கு ஆபத்து வந்தபோதுதான் அவர் எதிர்த்தார்.

'துரோகி' என்ற பட்டமும் பொருந்தாது. அப்போ இந்தியா என்று ஒரு நாடு கிடையாது. யாருக்குத் துரோகம்? ஆற்காடு, மைசூர், தஞ்சாவூர், பாளையங்கள், எல்லோரும் எல்லோரோடும் கூட்டுச் சேர்ந்து பிரிந்துகொண்டிருந்த காலம். இன்றைய மேப்பை எடுத்துப்போய் 1760-ல் விரித்து ஒருவருக்கு மார்க் போடுவது நியாயம் இல்லை.

இந்த இரண்டு பட்டமும் நமக்கு ரொம்ப வசதி. ஹீரோ என்றால் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போகலாம். துரோகி என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இரண்டிலும் அவர் நம்மைவிட்டு ரொம்பத் தூரத்தில் இருப்பார். நான் சொல்கிறேன், அவர் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார். அவர் ஒரு பிரமாதமான எம்ப்ளாயி. கொடுத்த வேலையைக் கொடுத்த நேரத்துக்கு முன்னால் முடித்துக் கொடுத்தவர். பன்னிரண்டு வருஷத்தில் பெரும்பகுதி, இந்த வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது, யார் தலையில் விடிகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டபோது கோட்டையைச் சுற்றி முற்றுகை.

இது ஏதோ கம்பெனிக் காலத்துக் கதை மட்டும் இல்லை. சோவியத் யூனியனில் துகாசெவ்ஸ்கி என்று ஒரு தளபதி. 1935-ல் 42 வயதில் மார்ஷல். டாங்கிகளையும் விமானங்களையும் சேர்த்து எதிரியின் ஆழத்துக்குள் ஊடுருவுகிற போர்முறையை யோசித்தவர்களில் முக்கியமானவர். அதே கையால் 1921-ல், பட்டினியால் கிளர்ந்த தம்போவ் விவசாயிகளை நசுக்கியவரும் அவர்தான். 1937 ஜூனில் ஸ்டாலின் ஆட்சி அவர்மேல் சதிக் குற்றம் சாட்டி, ரகசிய விசாரணை நடத்தி, சுட்டுக் கொன்றது. தண்டனை கொடுத்த நீதிபதிகளில் ஒருவர் ப்ளூகர் என்ற இன்னொரு மார்ஷல். அடுத்த வருஷமே அவரும் சிறையில் செத்தார். துகாசெவ்ஸ்கி குற்றமற்றவர் என்று அதே அரசு அறிவித்தது 1957-ல். இருபது வருஷம் கழித்து மன்னிப்பு! அவரைப் பற்றியும் 'மேதை', 'கொலைகாரர்' என்று இரண்டு கட்சி இன்றும் சண்டை போடுகிறது. இரண்டும் ஒரே ஆள்தான்.

சரி, இதெல்லாம் எனக்கு ஏன் இப்போ? சொல்கிறேன்.

எங்கள் டீமின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுகிற கேமரா. நாலு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்தோம். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் பேனலில் இருந்தவர் அதை ரொம்ப ரசித்தார். "எங்க கிளையன்ட்டுக்கு இதேதான் வேணும். கூட்டத்துல முகத்தைக் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான். எந்த ப்ராஜெக்ட் குடுத்தாலும் ஓகேவா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "எதுன்னாலும் ஓகே சார்" என்றேன். ஆஃபர் வந்தது. அப்பா இனிப்பு வாங்கி வந்தார். அம்மா தாயார் சந்நிதிக்குப் போய்வந்தார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அடுத்த வாரம் டிபார்ட்மென்டில் டெமோ வைத்தோம். காரிடாரைப் பெருக்குகிற அக்கா ஒருத்தர் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கிரீனில் அவர் முகத்தைச் சுற்றியும் பச்சைக் கட்டம் வந்தது. சிரித்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, இது எங்களுக்கும் வைப்பாங்களா? பஸ் லேட்டானா சம்பளத்துல பிடிச்சுக்குமா?"

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் எங்களிடம் அக்யூரசி கேட்டார்கள், டேட்டாசெட் சைஸ் கேட்டார்கள், எந்த மாடல் என்று கேட்டார்கள். நாலு மாதத்தில் யாருமே கேட்காத கேள்வியை அந்த அக்கா பத்து செகண்டில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "தெரியலக்கா" என்றேன். உண்மையிலேயே தெரியாது. அந்த கிளையன்ட் யார் என்றும் எனக்குத் தெரியாது, நான் கேட்கவே இல்லை.

நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். "டேய், எஜுகேஷன் லோன் யார் கட்டுவா? ஃப்ரெஷர் போய் கிளையன்ட் பெயர் கேட்டா ஆஃபரை உருவிட்டு அடுத்தவனுக்குக் குடுத்துருவான்." நியாயமான பேச்சு. எனக்கும் லோன் இருக்கிறது. ஆஃபரைக் கிழித்துப் போடு என்று நான் உங்களுக்கு உபதேசம் செய்யவில்லை, நானும் கிழிக்கப் போவதில்லை. யூசுப் கானுக்கும் கம்பெனி வேலை தவிர வேறு வாய்ப்பு அதிகம் இருந்திருக்காது.

"நாம செய்யலேன்னா வேற எவனாவது செய்வான்" என்றும் சொல்வீங்க. செய்வான்தான். ஆனால் கம்பெனியின் கணக்கும் அதுவேதான் என்பதை மறந்துவிடாதீங்க. நீ இல்லாவிட்டால் இன்னொருவன் என்பது உன்னை வேலைக்கு எடுக்கும்போது மட்டும் இல்லை, உன்னை நவாபிடம் ஒப்படைக்கும்போதும் பொருந்தும்.

நான் சொல்வது சின்ன விஷயம். திறமை என்பது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, அது யாரிடம் வாடகைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இரண்டு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்வோம். நான் செய்கிறது யார் கைக்குப் போகிறது? அதனால் யாருக்கு வலிக்கும்? ஆஃபரில் கையெழுத்துப் போடுகிற நாளில் கேட்க முடியாவிட்டால், சேர்ந்த மூணாம் மாதம் டீம் லீடிடம் கேளுங்க. அதுவும் முடியாவிட்டால் உங்களுக்குள்ளாவது கேட்டு, பதிலை எங்கேயாவது எழுதி வையுங்க. நாம் இப்போ யாருக்கும் முக்கியம் இல்லை. கையில் அதிகாரமும் இல்லை, இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்கச் சரியான காலம் இதுதான். கமாண்டன்ட் ஆனபிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போட்டால், தள்ளிக்கொண்டேதான் போகும்.

ஊருக்கும் ஒரு வேண்டுகோள். கிளைவ் பெயர் இந்த ஊரில் நிற்கிறது. யூசுப் கான் பெயரில் நான் தேடி அலைந்தவரை ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சின்னப் பலகை வைக்கலாம். சிலை வேண்டாம், மாலை வேண்டாம். அவர் இந்த ஊரைக் காப்பாற்றியதையும் எழுதுங்க, நெற்கட்டும்செவலில் செய்ததையும் எழுதுங்க, அவரைத் தூக்கில் போட்டவர்கள் யார் என்பதையும் எழுதுங்க. மூன்றையும் ஒரே பலகையில். படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

கேன்டீன் நண்பர்கள் இரண்டு பேருக்கும் இந்தக் கட்டுரையை முதலில் அனுப்பினேன். மதுரைக்காரன், "நீ ரெண்டு பக்கமும் திட்டு வாங்கப் போறே" என்று எழுதினான். சங்கரன்கோவில்காரன் ஒன்றும் எழுதவில்லை, போன் பண்ணினான். "அந்த கிளையன்ட் யாருன்னு கேட்டியாடா?" என்றான்.

ஹெச்.ஆருக்கு நேற்று ராத்திரி மெயில் போட்டேன். மூணே வரி. அனுப்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் அடுத்த இதழில் சொல்கிறேன்.